டான்ஃபோர்த் தெருவில் கிரேக்கர் எங்கே போனார்கள்?

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "ஞாயிற்றுக்கிழமை டான்ஃபோர்த் தெருவுக்குப் போனேன். தெருப் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தோடு கிரேக்க எழுத்தும் இருக்கிறது. நடுவில் மகா அலெக்சாந்தர் சிலை. ஆனால் ஒரு மணி நேரம் நடந்தும் கிரேக்க மொழி காதில் விழவில்லை. ஜப்பானியச் சாப்பாட்டுக்கடை, மெக்சிக்கோ கடை, வங்கி, பல் வைத்தியர்தான் கண்ணில் பட்டது. இது உண்மையிலேயே கிரேக்கர் பகுதியா, சுற்றுலாவுக்காகப் போட்ட வேஷமா?"

வேஷம் இல்லை, தம்பி. ஆனால் நீங்கள் பார்த்த பலகையும் சிலையும் வந்தது பிந்திய காலத்தில். அந்தத் தெருவில் கிரேக்கச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தபோது அதை ஒருவரும் 'கிரீக்டவுன்' என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் நிலைத்தபோது அவர்களில் பாதிப்பேர் வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போயிருந்தார்கள். இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும். நான் 1989இலிருந்து ஏழு வருடம் அந்தத் தெருவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்தவன். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு அடுப்படிக்கு ஏறினேன். அப்போது கேட்டதும் பின்னாளில் தேடி வாசித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

கதை டான்ஃபோர்த்தில் தொடங்கவில்லை. நகரத்தின் நடுவில், யங் தெருவில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்த கிரேக்கர் பெரும்பாலும் இளைஞர்கள். பழம் விற்றார்கள், சப்பாத்து மினுக்கினார்கள், கொஞ்சம் காசு சேர்ந்ததும் சிறிய சாப்பாட்டுக்கடை போட்டார்கள். முதலாம் உலகப்போர் வந்தது. கிரேக்க நாட்டு அரசர் முதலில் நடுநிலை வகித்தார், 1917இல்தான் கிரேக்கம் நேச நாடுகளோடு சேர்ந்தது. 'எங்கள் பிள்ளைகள் அங்கே சாகிறார்கள், இவர்கள் இங்கே கடை நடத்திக் காசு பார்க்கிறார்கள்' என்ற பேச்சு ஊருக்குள் புகைந்துகொண்டிருந்தது.

1918 ஆகஸ்ட் முதலாம் தேதி இரவு, போரில் காயப்பட்டுத் திரும்பிய ஒரு சிப்பாய் குடிபோதையில் வைட் சிட்டி கஃபே என்ற கிரேக்கக் கடைக்குள் பரிமாறுபவரை அடித்தார். கடைக்காரர் அவரை வெளியே தள்ளினார்கள். அந்த வாரம் பார்த்து முன்னாள் படையினரின் மாநாடு ரொறன்ரோவில் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் இரவு கூட்டம் கூடிக் கிரேக்கர் கடைகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தது. கண்ணாடி, மேசை, காசுப்பெட்டி எதுவும் மிஞ்சவில்லை. பொலிஸ் முதலில் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் பொலிசுக்கும் கூட்டத்துக்கும் மோதல் வந்து, இராணுவத்தையும் கூப்பிட வேண்டியதாயிற்று. மூன்று நாள் நீடித்த அந்தக் கலவரத்தில் நட்டம் அன்றைய கணக்கில் ஒரு லட்சம் டாலர் அளவு என்பார்கள். இன்று யங் தெருவில் நடக்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர் மேல் நடந்த கலவரத்தைக் கண்டு வந்த எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. கடைக் கண்ணாடி உடைகிற சத்தம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

இந்தக் கலவரத்துக்குப் பயந்து கிரேக்கர் எல்லோரும் டான்ஃபோர்த்துக்கு ஓடினார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. நேரான கதைதான், ஆனால் காலம் பொருந்தவில்லை. கலவரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அவர்கள் வாழ்க்கை நகர நடுவைச் சுற்றித்தான் இருந்தது. 1930களின் கடைசியில் பொண்ட் தெருவிலிருந்த ஒரு பழைய யூத ஆலயத்தை வாங்கி, புனித ஜோர்ஜ் தேவாலயமாக மாற்றினார்கள். அது இன்றும் இருக்கிறது, டவுன்டவுனில். டான்ஃபோர்த்துக்குக் கூட்டமாகப் போனது அதற்கும் ஒரு தலைமுறை பிந்தி.

ஆனால் ஒரு பொருத்தம் உண்டு. கலவரம் நடந்து இரண்டரை மாதத்தில், 1918 அக்டோபர் 18ஆம் தேதி, டொன் பள்ளத்தாக்குக்கு மேலே பிரின்ஸ் எட்வர்ட் பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலம் இல்லாவிட்டால் டான்ஃபோர்த் என்று ஒரு தெரு இருந்திருக்கும், டான்ஃபோர்த் என்று ஒரு ஊர் இருந்திருக்காது. பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் காய்கறித் தோட்டமும் செங்கல் சூளையுமாகக் கிடந்த இடம் அது. பாலம் வந்ததும் டிராம் வண்டி நகரத்திலிருந்து நேரே போனது. ஆங்கிலேய, ஐரிஷ், ஸ்கொட்லாந்துத் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. இரண்டு மாடிச் செங்கல் வீடுகள் வரிசையாக எழுந்தன. பிரதான தெருவில் கீழே கடை, மேலே குடியிருப்பு. இந்தக் 'கீழே கடை, மேலே வீடு' அமைப்பை நினைவில் வைத்திருங்கள், அதுதான் பின்னால் கிரேக்கருக்குக் கைகொடுத்தது. பாலத்தைக் கட்டியவர்கள் அதன் அடியில் இன்னொரு தட்டையும் போட்டு வைத்தார்கள், என்றாவது ஒருநாள் ரயில் ஓடும் என்று. அந்த நாள் வர நாற்பத்தெட்டு வருடம் ஆயிற்று.

இனிக் கிரேக்கப் பக்கம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் அந்த நாடு பட்டினியால் செத்தது. 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் பிணங்களை வண்டியில் அள்ளினார்கள். போர் முடிந்ததும் உள்நாட்டுப் போர், 1946 முதல் 1949 வரை. ஒரே கிராமத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். வடக்கே மலைக் கிராமங்கள் எரிந்தன. போர் ஓய்ந்தபோது நிலமும் இல்லை, வேலையும் இல்லை, ஊருக்குள் யாரை நம்புவது என்றும் தெரியவில்லை. 1950களிலும் 60களிலும் சனம் கிளம்பியது. ஜெர்மனிக்கு, அவுஸ்திரேலியாவுக்கு, அமெரிக்காவுக்கு, கனடாவுக்கு. போருக்குப் பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளில் கனடாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். பெரும்பங்கு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும்.

வந்த விதம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விதம்தான். முதலில் ஒருத்தர் வருவார். அவர் தம்பியைக் கூப்பிடுவார், தம்பி மச்சானை, மச்சான் பக்கத்து வீட்டுக்காரரை. வீட்டு வேலைக்கென்று தனியாக வந்த இளம்பெண்களும் இருந்தார்கள், பிறகு அவர்கள் தங்கள் குடும்பத்தை எடுப்பித்தார்கள். இப்படி ஒரு கிராமமே பெயர்ந்து ரொறன்ரோவில் இரண்டு தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெலொப்பொனீஸ் பக்கத்து ஆர்காடியா, மெசினியா, வடக்கே ஃப்ளோரினா, கஸ்தோரியா என்று ஒவ்வொரு பகுதிக்கும் சங்கம். சங்கத்துக்கு ஆண்டு விருந்து, நடனம், ஊர்த் தேவாலயக் கூரைக்குக் காசு சேர்ப்பு. யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடலுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் பாட்டு மட்டும்தான் வேறாகத் தெரியும்.

சரி, ஏன் டான்ஃபோர்த்? இங்கேதான் பேசாத சாட்சி ஒன்று இருக்கிறது, நிலத்தடி ரயில். 1966 பிப்ரவரியில் புளோர்-டான்ஃபோர்த் சப்வே திறந்தது. பழைய பாலத்தின் கீழ்த்தட்டில் அன்றுதான் ரயில் ஓடியது. பாதையை டான்ஃபோர்த் தெருவுக்கு அடியில் தோண்டவில்லை. கடைகளுக்குப் பின்னால், வடக்கே ஒட்டியபடி, வீடுகளை இடித்துத் தோண்டி மூடினார்கள். இன்று நீங்கள் கார் விடுகிற நகரசபை வாகனத் தரிப்பிடங்கள் பல அந்தச் சுரங்கத்தின் தலையில்தான் இருக்கின்றன. வரிசையாக அவை ஏன் தெருவுக்குப் பின்பக்கமே இருக்கின்றன என்று ஒருநாள் யோசித்துப் பாருங்கள்.

டிராம் நின்றது. முன்பு டிராம் ஜன்னலால் கடையைப் பார்த்து இறங்கியவர்கள் இப்போது மண்ணுக்கு அடியால் போய்விட்டார்கள். அதே காலத்தில் புறநகரில் பெரிய அங்காடிகள் வந்தன, பழைய குடும்பங்கள் பின்வளவும் கராஜும் உள்ள வீடு தேடிப் போயின. அவர்களுக்குப் பின் வந்திருந்த இத்தாலியரும் நகர ஆரம்பித்தார்கள். தெரு களைத்துப்போனது, கட்டிடங்கள் மலிந்தன. அந்த நேரம் பார்த்துக் கிரேக்கர் வந்தார்கள். 1967இல் கனடா குடிவரவுக்குப் புள்ளிமுறை (படிப்பு, தொழில்திறன் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆள் எடுப்பது) கொண்டுவந்ததை ஒட்டிய ஆண்டுகளில்தான் அவர்கள் வருகையும் உச்சத்தில் இருந்தது.

கணவன் இரவில் உணவகத்திலும் பகலில் தொழிற்சாலையிலும், மனைவி தையல் ஆலையிலோ அலுவலகத் துப்புரவிலோ வேலை செய்தார்கள். இரண்டு சகோதரர் குடும்பம் சேர்ந்து ஒரு கட்டிடத்துக்கு முற்பணம் கட்டும். கீழே கடை போடுவார்கள், மேலே குடியிருப்பார்கள், இன்னும் ஒரு அறை இருந்தால் ஊரிலிருந்து புதிதாய் வந்த பையனுக்கு வாடகைக்கு விடுவார்கள். வாடகை கொடுக்கத் தேவையில்லாத கடை நட்டப்பட்டாலும் மூடாது. இந்தச் சொந்தக் கட்டிடம்தான் டான்ஃபோர்த்தின் ஆணிவேர். மற்ற எல்லாம் அதற்கு மேலே முளைத்த கிளைகள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

1970களின் டான்ஃபோர்த்தை நான் காணவில்லை. எங்கள் கடைப் பெரியவர்கள் அதைப் பற்றிக் கதைக்கும்போது கண்ணில் வேறு வெளிச்சம் வந்துவிடும். இறைச்சிக்கடை, மீன்கடை, பலகாரக்கடை, கல்யாண உடைக்கடை, பயண முகவர், இசைத்தட்டுக்கடை, வழக்கறிஞர் என்று எல்லாம் கிரேக்க மொழியில் நடந்ததாம். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாமல் பாட்டிமார் முப்பது வருடம் ஓட்டினார்களாம். 1919இல் கட்டிய பழைய திரையரங்கு ஒன்று, இப்போது டான்ஃபோர்த் மியூசிக் ஹால் என்று இருப்பது, அந்தக் காலத்தில் தித்தானியா என்ற பெயரில் கிரேக்கப் படம் ஓட்டியது. அதே காலத்தில் தெற்கே கொஞ்சம் தள்ளி ஜெரார்ட் தெருவில் நாஸ் தியேட்டர் இந்திப் படம் ஓட்டத் தொடங்கியது. அந்த நாஸ் தியேட்டரைச் சுற்றித்தான் லிட்டில் இந்தியா வளர்ந்தது. ஊரை விட்டு வந்த சனத்துக்கு முதலில் மளிகைக்கடை வேண்டும், அடுத்ததாகப் படம் வேண்டும்.

அப்புறம் கஃபேனியோ. அதைக் காப்பிக்கடை என்று மொழிபெயர்த்தால் போதாது. ஆண்களின் திண்ணை அது. சின்னக் கோப்பையில் அடி மண்டிய கெட்டிக் காப்பி, சீட்டு, தாயம் போல உருட்டி விளையாடுகிற தாவ்லி, கையில் உருட்ட மணிக்கோவை, சிகரெட் புகை. ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு கடை, ஒவ்வொரு அரசியலுக்கும் ஒரு கடை. 1967 ஏப்ரலில் கிரேக்கத்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இந்தப் பிளவு கூர்மையானது. இராணுவத்தை ஆதரிப்பவர் உட்கார்ந்த கடையில் எதிர்ப்பவர் தண்ணீரும் குடிக்க மாட்டாராம். நாடு கடந்து வந்த ஆந்திரியாஸ் பபாந்திரேயு 1969இலிருந்து 1974 வரை ரொறன்ரோவில் இருந்தார். யோர்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்துக்கொண்டே இராணுவ ஆட்சிக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். 1981இல் அவர் கிரேக்கத்தின் பிரதமரானார். எங்கள் கடையில் வேலை செய்த கிழவர் ஒருவர், பனியில் பபாந்திரேயு கூட்டத்துக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததைத் தன் வாழ்க்கையின் பெரிய காரியமாகச் சொல்வார். நான் அதைக் கவனமாகக் கேட்டேன். எங்கள் ஆட்களும் அந்த நாட்களில் வேறு தெருக்களில் வேறு துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கிரேக்கர் வந்ததும் சுவ்லாக்கி விற்றார்கள் என்று நினைப்போம். முதல் தலைமுறைக் கிரேக்க உணவகக்காரர் ஹாம்பர்கரும் வறுத்த இறைச்சியும் முட்டையும்தான் விற்றார். வாடிக்கையாளர் கனடாக்காரர், அவருக்குப் பூண்டு மணம் ஆகாது. கிரேக்கச் சாப்பாடு கிரேக்கருக்கே விற்கப்பட்டது டான்ஃபோர்த்தில்தான். அந்தக் கடைகளில் பட்டியல் அட்டை பார்ப்பதில்லை. நேரே அடுப்படிக்குப் போய், எந்தச் சட்டியில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்து, 'இதில் ஒன்று, அதில் ஒன்று' என்று காட்டிவிட்டு வந்து உட்காருவார்கள். 1970களின் கடைசியிலும் 80களிலும்தான் வெளியார் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்காகச் சுவ்லாக்கித் தட்டு ஒழுங்காயிற்று: கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சி, எலுமிச்சை ஊற்றி வாட்டிய உருளைக்கிழங்கு, சோறு, சலாது, தயிரும் வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்த சட்ஸிக்கி. பாலாடைக்கட்டியில் நெருப்பு வைத்து 'ஓப்பா' என்று கத்துவதும் வட அமெரிக்கப் பழக்கமே. சிகாகோ கிரீக்டவுனில் 1968இல் ஒரு உணவகம் தொடங்கியது என்பார்கள். ஊரில் அந்தப் பாலாடைக்கட்டியை நெருப்பு வைக்காமல் பொரித்து, எலுமிச்சை பிழிந்து தின்கிறார்கள்.

எங்கள் அடுப்படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியவில்லை. முதலாளிக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. எல்லோரும் அவரை 'பார்பா' என்போம், கிரேக்கத்தில் வயதானவரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவது, எங்கள் பெரியப்பா மாதிரி. அவர் என்னை 'பெதீ மூ' என்பார், 'என் பிள்ளை' என்று அர்த்தம். முதல் கிழமை நாங்கள் இருவரும் பேசியது முழுக்கக் கைச்சாடையில். ஒருநாள் நான் இன்னொரு தமிழ்ப் பையனிடம், "கத்தி குசினிக்குள்ள கிடக்கு" என்றேன். பார்பா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கூசினா?" என்றார். அடுப்படிக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. எங்களுக்குக் குசினி போர்த்துக்கேயர் தந்தது, அவர்களுக்குக் கூசினா வெனிஸ்காரர் தந்தது, இரண்டுக்கும் வேர் லத்தீன். இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டிவிட்டு, கணவாயைப் போன்ற ஒக்டபஸை எப்படிச் சமைப்பது என்று காட்டத் தொடங்கினார். தண்ணீர் ஊற்றக்கூடாது. சட்டியில் போட்டு மூடிச் சின்ன நெருப்பில் வைத்தால் அது தன் தண்ணீரிலேயே வேகும். பிறகுதான் கரி நெருப்பில் வாட்டுவது. இரவு எல்லோரும் சாப்பிடும் பீன்ஸ் சூப்பில் நான் ஒரு கரண்டி யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டுக்கொள்வேன். இரண்டாம் வருடம் பார்பாவும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

நாங்கள் அப்போது செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் குடியிருப்புகளில் இருந்தோம், ஒரு அறையில் நான்கு பேர். கடைசி ரயில் போய்விட்டால் பாலத்தின் மேலால் நடந்தே வீடு திரும்புவோம். நடுச்சாமத்தில் கீழே டொன் பள்ளத்தாக்கு இருட்டில் கிடக்கும், காற்று காதை அறுக்கும். அந்த நாட்களில் டான்ஃபோர்த்தின் அடுப்படிகள் பலவற்றில் தமிழ்ப் பையன்கள் இருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் கிரேக்கப் பையன்கள் கனடாக்காரர் கடைகளில் நின்ற அதே இடத்தில் நாங்கள் நின்றோம்.

நான் கண்ட காலத்திலேயே பார்பா டான்ஃபோர்த்தில் குடியிருக்கவில்லை. ஸ்காபரோவில் வீடு. மகன் இன்னும் வடக்கே. தையல் ஆலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் கணக்காளராகவும் மருந்தாளராகவும் ஆனார்கள். அவர்களுக்குக் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருக்க மனமில்லை. பெற்றோரும் அதைத்தான் விரும்பினார்கள், அதற்காகத்தான் முதுகு ஒடிந்தார்கள். 1970களின் பின்பகுதியிலிருந்தே ஈஸ்ட் யோர்க், ஸ்காபரோ, பிறகு மார்க்கம், தோர்ன்ஹில் என்று கிரேக்கக் குடும்பங்கள் விரிந்தன. கிரேக்க சமூகத்தின் பண்பாட்டு மையம்கூட இன்று டான்ஃபோர்த்தில் இல்லை, வடக்கே தோர்ன்கிளிஃப் பார்க்கில் இருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து மார்க்கமுக்கும் ஏஜக்ஸுக்கும் போய்க்கொண்டிருக்கும் எங்கள் சனத்துக்கு இந்தப் பாதை பழக்கமான பாதை.

இந்த இறக்கத்தின் நடுவில்தான் பெயர் வருகிறது. ஒரு தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கூடுதல் வரி கட்டி, அந்தக் காசில் தங்கள் தெருவை அழகுபடுத்தி விளம்பரம் செய்யும் முறை உலகத்திலேயே முதலில் 1970இல் ரொறன்ரோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜில் தொடங்கியது. டான்ஃபோர்த் கடைக்காரரும் 1980களில் அப்படி ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். இருமொழிப் பெயர்ப்பலகைகளும் அந்தக் காலத்தவைதான். 1990களில் சங்கம் தன் பெயரிலேயே 'கிரீக்டவுன்' என்று போட்டுக்கொண்டது. லோகன் தெரு முனையிலிருக்கும் சிறு சதுக்கத்தில் அலெக்சாந்தரும் நீரூற்றும் வந்தன. 1994இல் 'டேஸ்ட் ஒஃப் த டான்ஃபோர்த்' என்ற சாப்பாட்டுத் திருவிழாவைத் தொடங்கினார்கள். முதல் வருடம் சில ஆயிரம் பேர் வந்த சிறு விழா. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆகஸ்ட் வார இறுதியில் பத்து லட்சத்துக்கும் மேல் சனம் வருவதாகச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. தொற்றுநோய்க் காலத்தில் நின்று 2023இல் திரும்ப நடந்தது.

இதைப் பார்த்துத்தான் வேஷம் என்று சிலருக்குத் தோன்றுகிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தங்கள் ஆட்கள் போய்விட்ட தெருவில் கட்டிடமும் கடனும் மிஞ்சியிருந்தவர்கள், வேறு ஆட்களை வரவழைத்துப் பிழைக்கக் கண்டுபிடித்த வழி அது. ஆனால் விலையும் இருந்தது. வெளியார் கூட்டம் வந்ததும் சுவ்லாக்கிக் கடை லாபமானது, கஃபேனியோ நட்டமானது. இசைத்தட்டுக்கடையும் கல்யாண உடைக்கடையும் போய் எல்லா இடமும் சாப்பாட்டுக்கடை ஆயிற்று. வாரத்தில் ஏழு நாளும் தேவைப்பட்ட தெரு, வெள்ளிக்கிழமை இரவுக்கான தெருவாக மாறியது. இந்த இழப்பைப் பற்றித்தான் எங்கள் கடைக் கிழவர்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

சிகாகோவைப் பார்த்தால் டான்ஃபோர்த் எவ்வளவு பாக்கியம் செய்தது என்று தெரியும். அங்கே ஹால்ஸ்டட், ஹரிசன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் 'டெல்டா' என்று பெரிய கிரேக்கர் பகுதி இருந்தது. விரைவுச்சாலைக்கும், பிறகு 1965இல் திறந்த இலினோய் பல்கலைக்கழக வளாகத்துக்கும் என்று அரசாங்கம் அதை இடித்துத் தள்ளியது. மிஞ்சியவர்கள் கொஞ்சம் வடக்கே நகர்ந்து உணவகங்கள் போட்டார்கள், அதுதான் இப்போதைய சிகாகோ கிரீக்டவுன். அங்கேயும் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. டான்ஃபோர்த்திலும் இடித்தார்கள், ஆனால் கடைவரிசைக்குப் பின்னால். முன்வரிசை தப்பியது, அதைக் கிரேக்கர் வாங்கினார்கள். நீங்கள் பார்த்த ஜப்பானியக் கடைக்கும் மெக்சிக்கோக் கடைக்கும் மேலே யாருக்கு வாடகை போகிறது என்று விசாரித்தால், பல இடங்களில் ஒரு கிரேக்கக் குடும்பப் பெயர்தான் வரும்.

அந்தத் தெரு முழுக்கக் கிரேக்கமாக மாறியதை நான் என் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். 2004 ஜூலை 4ஆம் தேதி, ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டம், லிஸ்பனில். ஒருவரும் மதிக்காத கிரேக்க அணி போர்த்துக்கலை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. நான் அந்த வேலையை விட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் பெட்டியில் முடிவைக் கண்டதும் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பேப் தெருவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் நீலமும் வெள்ளையும். மார்க்கமிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் கார்கள் வந்துகொண்டே இருந்தன. இங்கேயே பிறந்து கிரேக்கம் சரியாகப் பேசத் தெரியாத பிள்ளைகள் பாட்டிமாரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வந்தார்கள். குடியிருந்தவர்கள் போய் இருபது வருடம் ஆன பிறகும், சந்தோஷம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

துக்கத்துக்கும் அதே இடம்தான். 2018 ஜூலை 22, ஞாயிறு இரவு, ஒருவன் துப்பாக்கியோடு டான்ஃபோர்த்தில் நடந்து வழியில் கண்டவர்களைச் சுட்டான். பத்து வயதுச் சிறுமியும் பதினெட்டு வயதுப் பெண்ணும் இறந்தார்கள், பதின்மூன்று பேர் காயப்பட்டார்கள். மறுநாளே அலெக்சாந்தர் சிலையைச் சுற்றிப் பூவும் மெழுகுவர்த்தியும் குவிந்தன. நானும் போய் நின்றேன். முக்காடு போட்ட முஸ்லிம் பெண்கள், எத்தியோப்பியர், சீனர், கிரேக்கக் கிழவிகள் எல்லோரும் அந்த நீரூற்றைச் சுற்றிப் பேசாமல் நின்றார்கள். விளம்பரத்துக்காக வைத்த சிலை என்று நான் ஒருகாலத்தில் நினைத்தது. அன்றைக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

இப்போது நிலைமை என்னவென்றால், சுற்றியுள்ள தெருக்களில் ஒட்டு வீடு ஒன்றே பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. தொழிலாளர் குடும்பம் வாங்கிய வீட்டை இன்று மருத்துவரும் வழக்கறிஞரும் வாங்குகிறார்கள். பேப் நிலையத்தில் ஒன்ராறியோ லைன் என்ற புதிய ரயில் பாதைக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ரயில் அந்தத் தெருவைக் கிரேக்கர் கையில் கொடுத்தது, இன்னொரு ரயில் வந்து எழுப்பப்போகும் உயர மாடிகள் அதை யார் கையில் கொடுக்கும் என்று கடைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இரண்டு சகோதரர் சேர்த்த காசு காணாது. கிழக்கே நடந்தால் நான் சொல்வது புரியும். கிரீன்வுட் பக்கம் எத்தியோப்பியர் கடைகள், விக்டோரியா பார்க்கை நெருங்கினால் வங்காளதேசத்தவர் கடைகள். அங்கே இன்னும் பழைய இரண்டு மாடிக் கட்டிடங்கள்தான், கீழே கடை, மேலே வீடு.

கிரேக்க மொழி காதில் விழவேண்டும் என்றால் ஞாயிறு மத்தியானம் போகாதீர்கள். காலையில் போங்கள், தேவாலயம் விடுகிற நேரம். பலகாரக்கடையில் வரிசையில் நில்லுங்கள், பாற்பாகு வைத்த பூகாட்சா சூட்டோடு கிடைக்கும், முன்னால் நிற்கும் பாட்டி கிரேக்கத்தில்தான் விலை கேட்பார். அதைவிட நல்லது அவர்களுடைய பெரிய வெள்ளிக்கிழமை. ஓர்த்தடொக்ஸ் ஈஸ்டர் பெரும்பாலான வருடங்களில் மற்றக் கிறிஸ்தவர்களின் தேதியில் வராது. 2025இல் இரண்டும் ஒன்றாக வந்தது, அப்படி வருவது சில வருடங்களுக்கு ஒரு தடவைதான். நாட்காட்டி பார்த்துப் போங்கள். பொழுதுபட்டதும் கோஃப் தெருவிலோ டான்லண்ட்ஸ் தெருவிலோ இருக்கும் தேவாலயப் பக்கம் போய் நில்லுங்கள். இயேசுவின் அடக்கத்தைக் குறிக்கும், பூவால் மூடிய பாடையை ஆண்கள் தோளில் சுமந்து வர, ஆயிரக்கணக்கில் சனம் மெழுகுவர்த்தியோடு பின்னால் நடக்கும். பார்பா இறந்து பல வருடமாகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவருடைய மகன் மார்க்கமிலிருந்து பிள்ளைகளோடு வந்து, அதே வாசற்படியில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஊர்வலத்துக்குக் காத்து நிற்பார். நான் போனால் எனக்கும் ஒன்று கொளுத்தித் தருவார். நீங்களும் வாருங்கள். காற்று அடித்து அணைந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுங்கள், அவரே பற்றவைத்துத் தருவார்.